மீன் தீனி

தீர்ப்பில் பீரோ எனக்கு, கட்டில் அவருக்கு.
மிட்டாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
நாயை யாரும் மனுவில் எழுதவில்லை,
பத்திரம் எழுதிப் பிழைக்கும் நானும்கூட.
அது பெட்ரோல் டேங்க் மேல் தாவி ஏறிக்கொண்டு
காது பறக்க
மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிப் போனது.
திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் இந்த முறை
பைக்கில் ஏற்ற முடியாத ஒன்று
வேண்டும் என்றிருந்தேன்.

துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறியிருந்த வாரம்.
சில்வர் பீச்சில் சவாரிக்கு ஆளில்லை.
ஒட்டகத்துக்கு அறுபதாயிரம் என்றார் கமாலுதீன்,
ஐம்பதுக்கு இறங்கினார்,
பிறகு, "சும்மா ஒரு மாசம் வச்சுப் பாருங்கம்மா,
தீனி மட்டும் போடுங்க."
என் மாடிப்படியின் அகலம் இரண்டேகால் அடி.
மனதுக்குள் அதைத் திருப்பித் திருப்பி ஏற்றிப் பார்த்தேன்.
அதற்குள் அது
பெஞ்ச் கிளார்க் கட்டைப் புரட்டும் நிதானத்தில்
என் துப்பட்டாவில் ஒரு முழம் மென்றிருந்தது.

நெல்லிக்குப்பம் போகும் வழியில், கரும்புக்கு நடுவே
ஓர் ஈமு.
பணம் இரட்டிக்கும் என்று எவரோ நம்பி வாங்கி
இரட்டிக்காமல் விட்டுவிட்டுப் போனது.
கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
ஏமாந்தவர்கள் இரண்டு பேர்
ஒரே வீட்டில் வேண்டாம்.

ஆமை வளர் என்றாள் நாகவல்லி,
நூறு வருஷம் இருக்குமாம்.
யார் பெயருக்கு எழுதி வைப்பது?

தேவனாம்பட்டினத்தில் வலை உதறியபோது
துறவி நண்டு ஒன்று காலருகே வந்தது.
ஓடு மாற்றி ஓடு மாற்றிக் குடியேறும் பிராணி.
வாடகை வீடு தேடும் வேலையை
வீட்டில் ஒருத்தி செய்தால் போதும்.

கடைசியில் செம்மண்டலத்து மீன் கடை.
பாட்டிலுக்கு ஒன்றாக, சண்டை மீன்கள்.
சேர்த்து விட்டால் கிழித்துக்கொள்ளும் என்றான் இன்பராஜ்.
தெரியும் என்றேன்.
மூலையில், முடிச்சிட்ட பாலிதீன் பைக்குள்
தூசு நடந்துகொண்டிருந்தது.
"அது மீன் தீனிக்கா. உயிரோட போட்டா நல்லா திங்கும்."
"வளர்க்கலாமா?"
"இதையா?"
பத்து ரூபாய்.

கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி
பழைய முத்திரைகளைப் படிக்கும் பூதக்கண்ணாடியைப் பிடித்தேன்.
ஒரே ஒரு கருங்கண்.
பச்சையாய் ஒரு குடல்.
முதுகுப் பக்கம், தோலுக்கு உள்ளே,
அவசரமாய் அடிக்கும் இதயம்.
ஒளித்துவைக்க இடமே இல்லாத உடம்பு.

செல்லில் தேடிப் படித்தேன்:
நல்ல தண்ணீர் இருக்கும்வரை
தாயும் மகளும் மகளின் மகளுமாய்
பெண்ணாகவே பிறக்குமாம்.
குளம் வற்றப்போகிறது என்று தெரிந்த பிறகுதான்
ஆண்கள்.
இரண்டு முறை படித்தேன்.
சிரித்தது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பெயர் வைக்கவில்லை.
கூப்பிட்டால் வருவதில்லை,
கூப்பிடாவிட்டாலும் போவதில்லை.

கேஸ் புத்தகம் கேட்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்.
அவருக்கு முன்னால் படியேறியது மிட்டாய்.
என் முகத்தை, காலை, மறுபடி முகத்தை நக்கிவிட்டு
நேராகக் கிண்ணத்துக்குப் போனது.
நான் கத்துவதற்குள் முக்கால்வாசி காலி.

"தண்ணிதானே?" என்றார்.

தண்ணீர்தான் என்றேன்.
அதன் தாடியை முந்தானையால் துடைத்துவிட்டேன்.
வேறு சோப்பின் வாசனை.

அவர்கள் போனபின் பூதக்கண்ணாடியில்
நாலு. இல்லை, ஐந்து.
ஒன்றின் முதுகில் குட்டிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு கண்.
குழாய்த் தண்ணீர் உடனே ஆகாது, மருந்து வாடை போகவேண்டும்.
வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.
வாளியைக் கழுவி
மொட்டைமாடியில் வைத்துவிட்டு வந்தேன்.